பெட்டி மேல் உட்கார்ந்தவள்

“என்ன வேணுமோ கேளு. எங்கிட்ட என்ன கூச்சம்?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“ஒரு டீ?”

“வேண்டாம்.”

“தண்ணியாவது வாங்கிண்டு வரேனே.”

“நெஜமாவே ஒண்ணும் வேண்டாம்.”

ஜெயலக்ஷ்மிக்கு அந்தப் பேச்சு இன்றும் அப்படியே ஞாபகம் இருந்தது. கல்யாணம் முடிந்து திருச்சியிலிருந்து முதல்முறையாகக் கல்கத்தா வந்து இறங்கிய நாள் அது. பெட்டிகளைத் தன் தம்பியோடு டாக்ஸியில் அனுப்பிவிட்டு, ஹவுரா பாலத்தைக் கீழேயிருந்து பார்த்தால்தான் அழகு என்று சொல்லி, மஹாதேவன் அவளை ஹவுரா படகுத்துறைக்கு அழைத்துப் போயிருந்தார். அவர் பிறந்து வளர்ந்த ஊர். தானே கட்டிய பாலத்தைக் காட்டுகிறவர் மாதிரி அவர் முகம் பூரித்திருந்தது.

உண்மையில் அவளுக்குத் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கரக்பூர் வரும்போதே கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. துறை வாசலில் ஒருவன் மண் குவளைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். சுட்ட மண்ணும் இஞ்சியும் கலந்த அந்த வாசனைக்கே நாக்கு ஏங்கியது. ஆனால் புகுந்த வீட்டில் முதல் நாளே எதையும் கேட்டுவிடாதே என்று அம்மா ரயிலடியில் சொல்லி அனுப்பியிருந்தாள். படகுத்துறை எப்போதிலிருந்து புகுந்த வீடாயிற்று என்று யோசிக்க அவளுக்கு அன்று தோன்றவில்லை.

சாயங்காலம் லேக் கார்டன்ஸிலிருந்த புகுந்த வீட்டில் உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது மஹாதேவன் அதைப் பெருமையாகச் சொன்னார். கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், ஒரு வாய் டீ கூட வேண்டாம் என்றுவிட்டாள் என்றார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று ஒரு அத்தை கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அந்தப் பார்வைகள் அவளுக்கும் இதமாகத்தான் இருந்தன. அதுதான் பின்னாளில் நினைக்க நினைக்க உடம்பைக் கூசவைத்தது. ஒரு பொய்யைச் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரைக் காப்பாற்ற மறுபடி மறுபடி அதே பொய்யைச் சொல்லிக்கொண்டே வந்துவிட்டாள்.

மஹாதேவன் கெட்டவர் இல்லை. பாங்க் அதிகாரி, மாற்றல் உத்தியோகம். சம்பல்பூர், பாட்னா, ராய்ப்பூர் என்று ஊர் ஊராகப் போனார்கள். ஒவ்வொரு ஆர்டர் வந்தபோதும் உனக்குச் சம்மதம்தானே என்று அவர் கேட்கத்தான் செய்தார். எனக்கென்ன, ஒண்ணுமில்லையே என்று அவள் சொல்லத்தான் செய்தாள். பாட்னாவில் பாதியில் நின்ற பி.எட்., ராய்ப்பூரில் பரீட்சைக்கு முன்னால் விட்டுவிட்டு வந்த வகுப்பு, எதைப் பற்றியும் அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அந்தப் படகுத்துறைக் கதையைச் சொல்லுவார். கடைசியில், “எங்காத்துல அவ ஒண்ணுமே கேக்கமாட்டா, நான் அதிர்ஷ்டக்காரன்,” என்று முடிப்பார். அவள் சிரித்துக்கொண்டே காபி டம்ளர்களை எடுத்துப் போவாள்.

மறுபடி கல்கத்தாவுக்கே மாற்றலாகி வந்தபோதுதான், விட்ட பி.எட்.டைத் தபால் வழியில் முடித்து, டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராகச் சேர்ந்தாள். வகுப்பில் பாடத்தைப் படித்துக் காட்டுவாள், கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லுவாள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவளுடைய குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது.

தலைமை ஆசிரியை மிஸஸ் கோஷால் ஒரு தடவை நாடகக்குழு நடத்தும் ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்து, டீச்சர்களுக்கு நான்கைந்து சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்கச் செய்தார். நாடகம் போடுவதற்காக அல்ல. நடிகர்கள் ஒத்திகையில் செய்கிற பயிற்சிகளை வைத்துப் பாடம் நடத்துவதற்காக. ஜெயலக்ஷ்மி கடைசி வரிசையில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்மணி அவளைத்தான் முதலில் கூப்பிட்டு, நீங்கள் தென்மேற்குப் பருவக்காற்று, வங்காள விரிகுடாவிலிருந்து புறப்பட்டு வாருங்கள் என்றாள். மற்ற டீச்சர்கள் இமயமலையாகக் கைகோத்து நின்றார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் எப்படித்தான் அந்த ஓட்டம் ஓடினாளோ, இமயமலையில் போய் மோதியபோது தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மழை என்று கத்தியிருந்தாள். அதுவும் தமிழில்.

அதன்பிறகு அவள் வகுப்பில் பெஞ்சுகள் சுவரோரம் போய்விட்டன. துப்பட்டாக்களை முடிந்து ஹூக்ளி நதி ஓடியது. ஒரு டார்ச்சும் முப்பது பிள்ளைகளுமாக இரவு பகல் உண்டானது. எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது ஸ்டாச்சு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காட்சியாக அசையாமல் நிற்க வேண்டும். மிஸ் வந்து ஒருவர் தோளைத் தொட்டால், அந்தச் சிலை தன் மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விவசாயி, வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட மாடு, உடையப் போகிற கரை, எதுவானாலும் சரி.

ஆரம்பத்தில் தோளைத் தொட்டால் பாதிப் பேர் ‘கிச்சு நா’ என்பார்கள். ஒன்றுமில்லை என்று அர்த்தம். வெட்கப்படுகிற பிள்ளை எந்தப் பாஷையிலும் முதலில் சொல்லுகிற வார்த்தை. ஜெயலக்ஷ்மி அதற்கு ஒரு விதி போட்டாள். இந்த வகுப்பில் கிச்சு நா செல்லாது. ஒன்றுமில்லாத மனசு கிடையாது, இன்னொரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்பாள். அப்படியும் சொல்ல வராவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து பதில் சொல்லலாம். சீக்கிரமே பிள்ளைகள் அந்த விதியை ஒரு பாட்டாக்கிவிட்டார்கள். யாராவது கிச்சு நா என்றால் போதும், “சோல்பே நா, சோல்பே நா” என்று வகுப்பே மேஜையைத் தட்டும். செல்லாது, செல்லாது.

அவளுடைய மகள் சுபிக்ஷாவும் ஆறாம் வகுப்பில் அவளிடம்தான் படித்தாள். பள்ளியில் மிஸ், வீட்டில் அம்மா. தன் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதில் ஜெயலக்ஷ்மி ரொம்பக் கவனமாக இருந்தாள். எந்தப் பயிற்சியானாலும் சுபிக்ஷா இருக்கும் குழுவிடம் கடைசியில்தான் போவாள். பல நாள் அங்கே போவதற்குள் மணியடித்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் மஹாதேவன் கையில் சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். பிரமோஷன். கவுஹாத்தி. ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும்.

காலுறையைக் கழற்றிக்கொண்டே, “உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே, ஜெயா?” என்று கேட்டார்.

“எனக்கென்ன? ரொம்ப சந்தோஷம்,” என்றாள் அவள்.

சொன்ன அடுத்த நிமிஷமே தொண்டை அன்றைக்குப் போல வறண்டது. சம்மதம் என்று எழுதிக் கொடுக்க அவருக்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. வேண்டாம் என்றும் எழுதிக் கொடுக்கலாம். அவர் பிராஞ்சிலேயே முருகானந்தம் என்பவர் பெண்ணின் படிப்புக்காகப் பிரமோஷனை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் அவருக்கு டிபன் கட்டும்போது இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். டப்பாவின் மூடியை அழுத்தும்போது அந்த நினைப்பையும் சேர்த்து மூடிவிடுவாள். அவர் திங்கட்கிழமை காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற நிலை வரும்வரை நாட்கள் இப்படியே ஓடிவிட்டன.

பள்ளிக்கூடத்திலும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, பெற்றோர்களை அழைத்து ஒரு வகுப்பை நடத்திக் காட்ட மிஸஸ் கோஷால் ஏற்பாடு செய்திருந்தார். சுவரோரம் நாற்காலிகள் போட்டு அப்பா அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மஹாதேவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, கடைசி நாற்காலியிலிருந்து மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். அவளுடைய வகுப்பை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வந்து பாருங்களேன் என்று அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

பாடம், மக்கள் ஏன் ஊர்விட்டு ஊர் போகிறார்கள் என்பது. காரணத்தைக் குழுக்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். முதல் குழு புயலில் வீடிழந்த சுந்தரவனத்துக் குடும்பமாக நின்றது. தோளைத் தொட்டதும் ஒரு பையன், உப்புத் தண்ணீர் ஏறின வயலில் இனி என் அப்பாவுக்கு எந்த வேலையும் இல்லை என்று சொன்னபோது பெற்றோர் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அடுத்த குழு செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். ஜெயலக்ஷ்மியின் குரல் கடைசிச் சுவர்வரை தாராளமாகப் போயிற்று. மஹாதேவன் ஆச்சரியமாகப் பார்ப்பதை ஓரக்கண்ணால் கவனித்தாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குமிழியிட்டது.

கடைசியாகச் சுபிக்ஷாவின் குழு. அவர்கள் என்ன காரணத்தை எடுத்திருக்கிறார்கள் என்று வழக்கம்போல அவள் முன்னால் பார்த்திருக்கவில்லை.

“எங்கள் காரணம், டிரான்ஸ்ஃபர்,” என்று சுபிக்ஷா அறிவித்தாள். நாடக அறையிலிருந்து ஒரு பழைய தகரப் பெட்டியை இழுத்துவந்து நடுவில் வைத்தார்கள். ஸ்டாச்சு.

ரோஹித் அப்பா. கழுத்தில் நிஜமான டையோடு, தூரத்தில் எதையோ விரலால் சுட்டிக்காட்டியபடி நின்றான். தித்திர் என்ற குட்டிப் பெண் பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா என்று எல்லோரும் கூப்பிடும் குண்டுப் பையன் கைகளை வட்டமாக வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். சுபிக்ஷா பெட்டி மேல் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்து, உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயலக்ஷ்மிக்கு அந்தச் சிரிப்பை அடையாளம் தெரிந்தது. கல்யாண ஆல்பத்திலிருந்து இன்றுவரை எல்லாப் போட்டோவிலும் இருக்கிற சிரிப்பு.

அவள் ரோஹித்தின் தோளைத் தொட்டாள். இந்தத் தடவை பெரிய குவார்ட்டர்ஸ், இரண்டு பால்கனி என்றான். பாப்பாவைத் தொட்டாள். நான் வாஷிங் மெஷின், போன தடவை மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள், இந்தத் தடவையும் உருட்டுவார்கள் என்று அவன் அழுதுகொண்டே சொன்னதில் அறையே சிரித்தது. தித்திரைத் தொட்டாள். புது ஸ்கூலில் லன்ச்சுக்கு யார் பக்கத்தில் உட்காருவது என்று யோசிக்கிறேன் என்றாள்.

பெட்டி மேல் இருந்தவள்தான் பாக்கி. ஜெயலக்ஷ்மி மகளின் தோளில் விரலை வைத்தாள்.

“கிச்சு நா,” என்றாள் சுபிக்ஷா, சிரிப்புக் கலையாமல்.

வகுப்பு இதற்காகத்தான் காத்திருந்தது. “சோல்பே நா, சோல்பே நா” என்று முப்பது வாய்களும் பாடின. மேஜைகள் அதிர்ந்தன. சுபிக்ஷா சிலையாக இருப்பதை விட்டுவிட்டுத் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

“நான் ஏமாத்தலை. இது எங்க மா. மா நிஜமாவே இப்படித்தான் சொல்லுவா. ஒவ்வொரு ஊருக்கும் இப்படித்தான் சொன்னா. வேணும்னா பாபாகிட்ட கேளுங்க.”

அதை அவள் பெங்காலியில் சொன்னதால் அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் திரும்பி மஹாதேவனைப் பார்த்தார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ரொம்ப சரி, ரொம்ப சரி என்று கையை உயர்த்திச் சாட்சி சொன்னார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து படகுத்துறைக் கதையை ஆரம்பித்தும்விட்டார். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

ரோஹித்துக்கு விதிகள் முக்கியம். டையைச் சரிசெய்துகொண்டு, “மிஸ், சிலைக்குப் பதில் வரலைன்னா வேற யாராவது உட்காரலாமே. நீங்க உட்காருங்க. நீங்கதானே அந்த மா,” என்றான்.

அவன் குறும்பாகச் சொல்லவில்லை. அவள் கற்றுக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். பெட்டியை விட்டு எழுந்து சுபிக்ஷா இடம் கொடுத்தாள். முப்பது பிள்ளைகளும் அவள் வாயைப் பார்த்தார்கள். இத்தனை நாளாக அந்த வாய் அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறது? உள்ளே போய்ப் பார், பயப்படாதே, சொல்.

ஜெயலக்ஷ்மி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் ஆகிவிட்டது, பிறகு பார்க்கலாம் என்றாள். இன்னும் மணியடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பெற்றோர்கள் கை தட்டினார்கள். பிள்ளைகள் தட்டவில்லை.

டீச்சர்கள் அறையில் டீயும் மொறுமொறுவென்று நிம்கியும் வைத்திருந்தார்கள். மூலையில் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தவளை மிஸஸ் கோஷால் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்துக்கொண்டார். அவர் ஜெயாவை ஜோயா என்றுதான் கூப்பிடுவார். வரும் வருஷம் எல்லா வகுப்புகளுக்கும் இந்த முறையைக் கொண்டுவரப் போகிறோம், மற்ற டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் நம் ஜோயாதான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். சொல்லிவிட்டு மஹாதேவன் பக்கம் திரும்பி, உங்கள் சம்மதத்தைக் கேட்காமலே அறிவித்துவிட்டேன் என்று சிரித்தார்.

மஹாதேவன் சங்கடமாக டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய பெங்காலி அந்த ஊர்க்காரர்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். மன்னிக்க வேண்டும், ஏப்ரலில் நாங்கள் கவுஹாத்தி போகிறோம், ஜெயா சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன் என்றார்.

மிஸஸ் கோஷால் அவள் கையை விடவில்லை. விட்டிருந்தால் தேவலை.

“ஜோயா, உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மஹாதேவன்தான், இரண்டு வாரமிருக்கும் என்றார். பிறகு, சூழ்நிலையை லேசாக்குகிற எண்ணத்தில், “இவ எப்பவுமே இப்படித்தான். தனக்குன்னு ஒண்ணும் சொல்லிக்கமாட்டா,” என்றார்.

இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் மிஸஸ் கோஷால் மாலையில் அவளை உட்காரவைத்து அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போட்டார். இவளும் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அங்கேயும் ஒரு சரி, வீட்டிலேயும் ஒரு சரி. இருபுறமும் நல்ல பெயர். ஜெயலக்ஷ்மிக்குக் காது மடல் எரிந்தது. பெஞ்சுகளைத் திரும்பப் போட வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள். உண்மையில் அவள் யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வகுப்பு காலியாக இருந்தது. நடுவில் அந்தத் தகரப் பெட்டி. சுவரோரப் பெஞ்சு ஒன்றை இழுத்தாள். அது தரையைக் கீறிக்கொண்டு வந்தது. வாசலில் சுபிக்ஷா நின்றிருந்தாள்.

“மா, எம்மேல கோவமா?”

“இல்லடா கண்ணா.”

“நான் தப்புப் பண்ணிட்டேனா?”

“ஒண்ணு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

சுபிக்ஷா உள்ளே வந்து பெட்டியின் ஓரத்தைக் கால் நுனியால் தள்ளினாள். “நான் வேற ஏதாவது சொல்லலாம்னுதான் பார்த்தேன், மா. நீ சொல்லிக்குடுத்த மாதிரி கண்ணை மூடிண்டு உள்ள போய்ப் பார்த்தேன். தித்திருக்கு வந்தது. பாப்பாவுக்குக் கூட வந்தது, அவன் வெறும் வாஷிங் மெஷின். எனக்கு மட்டும் வரலை. உனக்குப் போகப் பிடிக்குமா, பிடிக்காதா, எனக்குத் தெரியவே தெரியலை. ப்ராமிஸ்.”

அத்தனை பேர் முன்னால் பட்ட அவமானமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பதினோரு வருஷம் மடியிலும் தோளிலும் கிடந்த பெண். அம்மாவின் புடவை எந்தப் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லுவாள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறாள். தான் அவளிடம் காட்டியதெல்லாம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான். நாளைக்கு இவளும் ஏதோ ஒரு படகுத்துறையில் தாகத்தோடு நின்றுகொண்டு வேண்டாம் என்பாள். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாளே.

மஹாதேவன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. படகுத்துறைக் கதை சொல்லுகிற முகம் இல்லை அது. உள்ளே வந்து, அவள் பாதியில் விட்டிருந்த பெஞ்சின் மறுமுனையைத் தூக்கினார். இருவருமாக அதை அதன் இடத்தில் வைத்தார்கள். அடுத்ததையும் வைத்தார்கள்.

“அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அழுதுட்டா, ஜெயா,” என்றார் கடைசியில். “எனக்கு ஒரு மாதிரி ஆயிடுத்து. நீ இவ்வளவு... நீ இங்க பேசறதைப் பார்த்தேன். எனக்கு இது தெரியாதே.”

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவாவது ஒரு பாத்தியதை வேண்டும். கேட்டவரிடமெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நீ ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று யாரிடம் சண்டைக்குப் போவது? காலுறையைக் கழற்றிக்கொண்டே என்றாலும் அவர் கேட்டார். கேட்டதில் ஒன்றும் குறைவில்லை. பதில்தான் பொய்.

பெட்டி இன்னும் நடுவிலேயே கிடந்தது. அதை நாடக அறைக்கு எடுத்துப்போக மஹாதேவன் குனிந்தார்.

“இருக்கட்டும்,” என்றாள் ஜெயலக்ஷ்மி.

அதன் மேல் உட்கார்ந்தாள். தகரம் லேசாக முனகியது. கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். உதடு பழக்கதோஷத்தில் விரியப் பார்த்தது. அதை அடக்கினாள். சிரிக்காமல் அவர்கள் இருவர் முன்னாலும் உட்கார்ந்திருப்பது புடவையில்லாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

“சுபி, வா. தோளைத் தொடு.”

சுபிக்ஷா அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி வந்து அம்மாவின் இடது தோளில் உள்ளங்கையை வைத்தாள். வகுப்பில் ஒரு விரல்தான் வைப்பது வழக்கம்.

முதலில் எதுவும் வரவில்லை. வெளியே ஒரு ஆட்டோ டாலிகஞ்ச், டாலிகஞ்ச் என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டு போயிற்று. மஹாதேவன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. எப்போதும் அவளுக்குப் பதிலாகப் பேசிப் பழகியவர் வாயை மூடிக்கொண்டு நின்றதே அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

“அன்னிக்கு எனக்கு அந்த டீ வேணும்னு இருந்தது,” என்றாள். குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. அவர்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள். “கரக்பூர்லேர்ந்தே தாகம். வேண்டாம்னு சொன்னது பொய். அப்புறம் சொன்னதெல்லாமும் பொய்தான்.”

சுபிக்ஷாவின் கை தோளை அழுத்தியது.

ஜெயலக்ஷ்மி நிமிர்ந்து கணவரின் கண்களைப் பார்த்தாள். வெட்கம் கழுத்துவரை ஏறி முகத்தைச் சுட்டது. சுட்டால் சுடட்டும் என்று விட்டுவிட்டாள்.

“திங்கட்கிழமை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்கோ. எனக்கு இந்த வேலை வேணும். இந்த ஊர்லயே இருக்கணும். நீங்களும் கூட இருக்கணும். எனக்காக, இந்த ஒரு தடவை, போகாதீங்கோ.”